நிற்க வைக்கப்பட்டவள்

"மொதல்ல அவளுக்கு என்ன வேணும்னு சொல்லு" என்றாள் தங்கை.

"யாருக்கு?"

"உன் ஆளுக்குத்தான். கதைக்குள்ள வர்றவளுக்கு ஏதாவது ஒண்ணு வேணும்க்கா. நான் எழுதற மருமகளுக்குக் குழந்தை வேணும். வாரிசுக்குச் சொத்து வேணும். உன் ஆளுக்கு?"

"ஒண்ணும் வேணாம். கதவோரமா நிப்பா. அவ்வளவுதான்."

"சும்மா நிக்கறதுக்குக் குடையே போதுமே. ஆள் எதுக்கு?"

"உயிரை வாங்காதடி. சரி, ஒண்ணு கேக்கணும்னு நினைப்பா. வாயெடுப்பா. அதுக்குள்ள யாராவது வேலை ஏவிடுவாங்க. போதுமா?"

"என்ன கேக்க நினைப்பா?"

"யாருக்குத் தெரியும்? கேட்டாத்தானே!"

அன்று இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். "என்னைச் சிரிக்க வைக்காதே, டாக்டர் திட்டுவாங்க" என்று தங்கை இரண்டு கைகளாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் அக்காவுக்கு இப்போது உடம்பெல்லாம் கூசுகிறது.

அக்காவுக்கு ஸ்கேன் மையத்தில் வேலை. இருட்டு அறையில் டாக்டரம்மா திரையைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, மூலையில் உட்கார்ந்து அறிக்கை தட்டுவாள். கல்லீரல், பித்தப்பை, சிறுநீரகம் என்று ஊராரின் உள்ளுறுப்புகளையே நாள் முழுக்கத் தட்டியதாலோ என்னவோ, மனிதர்கள் மேல் அவளுக்கு மரியாதை மிச்சமில்லை. தங்கை ஒருத்திதான் விதிவிலக்கு. அவளுக்கு ஒன்று என்றால் அக்கா ஆடிப்போய்விடுவாள்.

தங்கைக்கு இரண்டு முறை கரு தங்கவில்லை. இது மூன்றாவது. கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். கணவனுக்கு வெளியூரில் வேலை. அதனால் அக்கா வீட்டுக் கட்டிலில், காலுக்கு இரண்டு தலையணை வைத்துப் படுத்தே கிடந்தாள். பொழுது போகாமல் இணையத்தில் ஒரு கூட்டுக்கதைக் குழுவில் சேர்ந்தாள். பெரிய வீடு ஒன்று, அதில் ஒரு குடும்பம், எழுதுகிறவர் ஆளுக்கொரு பாத்திரம். தன் பாத்திரம் பேசுவதையும் செய்வதையும் அவரவரே எழுத வேண்டும். அடுத்தவர் ஆளை ஓர் அங்குலம்கூட நகர்த்தக் கூடாது. அந்தக் குழுவுக்கு இருந்த ஒரே சட்டம் அது.

"கழுதை வயசானதுங்க பொம்மை விளையாட்டு விளையாடுதுங்க" என்று உதட்டைப் பிதுக்கினாலும், தங்கை கெஞ்சியதால் அக்காவும் சேர்ந்தாள். சேர்ந்த பிறகு இளக்காரம் இரட்டிப்பானது. வாரிசாக வந்து கர்ஜிப்பவர் நிஜத்தில் ஒரு டிக்கெட் கவுன்டர் குமாஸ்தா. மேலதிகாரி தும்மினாலே எழுந்து நிற்பவர். அழகு மகளாக உருகும் பெண்மணி ஒரு பல் டாக்டர். அவர் ஒரு முறை அழுதால் மூன்று பக்கம் நனையும்.

இந்த லட்சணத்துக்கு நல்ல பாத்திரம் ஒரு கேடா? அக்கா கைக்கு வந்ததைக் கிறுக்கினாள். அந்த வீட்டில் அண்டிப் பிழைக்கும் ஒரு தூரத்து உறவுக்காரி. வெடித்த குதிகால். சரியாகக் காயாத துணியின் முடை நாற்றம். பேசுவதற்கு முன் தொண்டையை இரண்டு முறை செருமுவாள். "ஒண்ணு கேக்கணும்..." என்று இழுப்பாள். உடனே யாராவது துரத்திவிடுவார்கள். எல்லாரும் அவளைத் தாண்டித் தாண்டிப் போனதால் குழுவே அவளுக்கு 'வாசப்படி' என்று பெயர் வைத்தது.

விந்தை என்னவென்றால், எல்லாருக்கும் அவளைத்தான் பிடித்தது. 'உயிருள்ள பாத்திரம்' என்று குமாஸ்தா எழுதினார். பல் டாக்டர் அவளுக்காக இரண்டு பக்கம் அழுதார்.

"மிதியடிக்கு ரசிகர் மன்றம்!" என்று அக்கா சிரித்தாள்.

ஒரு நாள் தங்கையின் மருமகள் பாத்திரம், உட்கார்ந்திருந்த பலகையில் ஓரமாக நகர்ந்தது. 'உங்களுக்குத்தான் இடம், உட்காருங்கள்' என்றது. சட்டப்படி அதற்கு மேல் தங்கையால் எழுத முடியாது.

"அக்கா, ஒரே ஒரு வரி. உக்காந்தான்னு எழுதேன்."

"மாட்டேன். உக்கார வெச்சா மனுஷி ஆயிடுவா."

"பாவம்க்கா."

"இல்லவே இல்லாத ஒருத்திக்கு எதுக்குடி நாற்காலி?"

'வாசப்படி நின்றுகொண்டே இருந்தாள்' என்று எழுதி அனுப்பினாள்.

அந்த வாரம் முழுக்க மழை. ஸ்கேன் மையத்தின் இருட்டறையில் ஒரு வாடை வந்து உட்கார்ந்துகொண்டது. சரியாகக் காயாத துணி. அக்கா தரை துடைக்கிறவளை வாங்கு வாங்கென்று வாங்கினாள். அவள் துடைப்பானை முகர்ந்து காட்டிவிட்டு முறைத்துக்கொண்டு போனாள். அதில் மருந்து வாசனைதான் அடித்தது.

மதியம் வரவேற்பு மேசைப் பெண் எட்டிப் பார்த்தாள்.

"மேடம், உங்களைப் பாக்க ஒரு அம்மா வந்திருக்காங்க."

"என்ன வேணுமாம்?"

"ஏதோ ஒண்ணு கேக்கணுமாம். உக்காருங்கன்னா உக்கார மாட்டேங்கறாங்க."

"ஏனாம்?"

"நீங்க சொன்னாத்தான் உக்காருவாங்களாம்."

அக்காவின் விரல்கள் விசைகளின் மேல் ஒரு கணம் நின்றன.

"எந்த வெட்டிச் சிறுக்கியோ. போகச் சொல்லு."

சொல்லிவிட்டாளே தவிர, மனம் கேட்கவில்லை. எழுந்து போய்ப் பார்த்தாள். கூடத்தில் நோயாளிகள் உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிற்பவர் யாருமில்லை. தானே திறந்து மூடும் கண்ணாடி வாசல் கதவு மூட வந்தது. பாதியில் நின்றது. மறுபடி திறந்தது. மூட வந்தது. திறந்தது.

நடுவில் யாரோ நிற்பது போல.

குழுவில் எவரோ தன்னிடம் வேடிக்கை காட்டுகிறார் என்று அவள் முடிவு கட்டினாள். யார் கண்டது, அந்தக் குமாஸ்தாவே பெண்டாட்டியை அனுப்பியிருப்பார்! ஆத்திரம் பொங்கியது. சாப்பாட்டு வேளையில் கைப்பேசியை எடுத்து, ஒற்றைக் கையால் எழுதினாள்.

'வாசப்படி மாடிப்படியில் தவறி விழுந்து செத்தாள். யாரும் கவனிக்கவில்லை.'

குழு ஓலமிட்டது. வீட்டுக்குப் போனால் தங்கையின் முகம் வீங்கியிருந்தது.

"கேக்க விடாமயே கொன்னுட்டியே. அந்த வீடு ஒண்ணுதான் அவளுக்கு இருந்துது. இனிமே எங்க போவா?"

"இருந்தாத்தானேடி போறதுக்கு? வாயை மூடிட்டுப் பாலைக் குடி. நாளைக்கு உனக்கு ஸ்கேன்."

மறுநாள் காலை தங்கையை மெல்ல நடத்தி இருட்டறைக்குள் கூட்டிவந்தாள். கதவைச் சாத்தியதும் வெளியே இருந்த பகல் அணைந்துபோனது. திரையின் சாம்பல் வெளிச்சமும் இயந்திரத்தின் இரைச்சலும்தான் மிச்சம். தங்கை படுத்தாள். டாக்டரம்மா அவள் வயிற்றில் பசையைத் தடவினார். அக்கா மூலையில் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஆயிரம் பேருக்குத் தட்டியவள் இன்று தங்கையின் பெயரையே இரண்டு முறை தப்பாகத் தட்டினாள்.

தடதடவென்று சின்ன இதயம் ஒலித்தது.

"துடிப்பு நல்லா இருக்கு. அறிக்கையில போட்டுக்கோங்க" என்றார் டாக்டரம்மா.

தங்கை அழுதுகொண்டே சிரித்தாள். அக்கா மூச்சு விட்டாள்.

அப்போது டாக்டரம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்.

"கூட வந்தவங்க வெளிய நில்லுங்கம்மா."

அக்கா திரும்பிப் பார்த்தாள். கதவு சாத்தியபடியே இருந்தது.

"யாரும் வரலையே டாக்டர்."

"இப்ப இங்கதானே நின்னாங்க? போயிட்டாங்க போல."

காயாத துணியின் வாடை.

கதவுப் பக்கம் அடிக்கவில்லை. கட்டில் பக்கம் அடித்தது.

"இதென்ன கூத்து?" டாக்டரம்மா கருவியை வயிற்றின் மேல் மெல்ல நகர்த்தினார். "இவ்வளவு இடம் காலியா இருக்கு. குழந்தை ஏன் இப்படி ஓரத்துல ஒடுங்கிப் படுத்திருக்கு?"

"எனக்குப் பிறக்கப்போறது டாக்டர்" என்றாள் தங்கை பெருமையாக. "யாருக்காவது இடம் விட்டிருக்கும்."

திரையில் சின்ன முதுகு ஒன்று சுவரோடு சுவராக ஒட்டியிருந்தது. அதன் பக்கத்தில் கறுப்பாக, நீளமாக ஒரு வெற்றிடம்.

தடதடப்பு லேசாகத் தடுமாறியது.

அக்காவின் காதருகே யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

ஒரு முறை.

இன்னொரு முறை.

"போ" என்று சொல்லத்தான் அக்கா வாயெடுத்தாள். ஏவ, விரட்ட, குறுக்கே பேச எத்தனையோ சொற்கள் வைத்திருந்தவளுக்கு ஒன்றுகூட வரவில்லை. டாக்டரம்மா திரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கை கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தாள். யாரும் எந்த வேலையும் ஏவவில்லை.

பேசிப் பழக்கமில்லாத குரல் ஒன்று, மிகவும் பணிவாக, அந்த அமைதியில் கேட்டது.

"அந்தப் புள்ளைய இன்னும் கொஞ்சம் தள்ளிப் படுக்கச் சொல்றீங்களா?"