ஊசி எடுத்த துணுக்கு

தையல்காரர் மூச்சை நன்றாகத்தான் அடக்கியிருந்தார். அப்படியும் திரையில் அவருடைய கல்லீரல் மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"ஐயா, மூச்ச அடக்குங்க. அசைஞ்சா ஊசி குறி தப்பிடும்," என்றார் டாக்டரம்மா, ஸ்கேன் கருவியை விலாவில் அழுத்தியபடி.

மூச்சை விட்டுவிட்டுத்தான் அவரால் பதில் சொல்ல முடிந்தது. "இவ்வளவு நேரம் அடக்கிக்கிட்டுதாம்மா இருந்தேன்."

காலை பதினோரு மணி. படம் தெளிவாகத் தெரிய வேண்டுமென்று விளக்கைத் தணித்திருந்ததில் அந்த அறைக்குள் மட்டும் பொழுது என்று ஒன்று இல்லை. ஸ்பிரிட் நெடி, ஏசியின் ஒரே சீரான உறுமல், வயிற்றில் பூசிய பசையின் சில்லிப்பு. வலது கையைத் தலைக்கு மேல் மடக்கி வைத்துப் படுத்திருந்தார். கல்லீரலில் கட்டி. அது என்ன கட்டி என்று ஒரு துணுக்கு எடுத்துப் பார்த்தால்தான் வைத்தியமே தொடங்க முடியும். முப்பது வருடம் ஊசியோடு குடித்தனம் நடத்தியவருக்கு ஊசியிடம் என்ன பயம்? வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மனைவியைத் தனியாக விட்டுவிட்டுப் போய்விடுவோமோ என்பதுதான் பயம். மரத்துப்போக ஊசி போட்டதிலிருந்து அந்தப் பயம்கூட வேறு யாருடையதோ போலத் தள்ளி நின்றது.

"மறுபடியும் அடக்குங்க."

இந்தத் தடவை அவரால் முடியவில்லை. மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. திரையில் கல்லீரல் அப்படியே நின்றது. அதன் நடுவில் கட்டி, எலுமிச்சை அளவில், கறுப்பாக, ஆடாமல் அசையாமல்.

"ஆங், இப்பதான் சரி. சொன்ன பேச்சக் கேக்குறீங்க."

நான் கேட்கவில்லையே என்று நினைத்தார். தலையை லேசாகத் தூக்கி நெஞ்சைப் பார்த்தார். இரைத்துக்கொண்டுதான் இருந்தார்; மேலே போர்த்திய துணி இம்மியும் அசையவில்லை. விலாவில் தொடங்கிய மரப்பு தொப்புளுக்கு வந்திருந்தது. பிறகு நெஞ்சுக்கு. பிறகு தொண்டைக்கு. டாக்டரைக் கூப்பிட நினைத்தார். நாக்கு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

"வலிக்குதா ஐயா?" என்றாள் பக்கத்தில் நின்ற நர்ஸ்.

"இல்ல. நீங்க பாருங்க," என்றது அவருடைய குரல்.

அவர் வாயைத் திறக்கவே இல்லை.

திரையில் ஊசி வெள்ளைக் கோடாக இறங்கியது. கட்டி கொஞ்சம் ஒதுங்கி வழிவிட்டது. டாக்டரம்மா அதைக் கவனிக்கவில்லை. இன்னும் கீழே. இன்னும். ஊசிமுனை பளபளத்தது.

திரையில் இல்லை.

அவருக்கு நேர் எதிரே.

டக்.

வலிக்கவில்லை. குளிர்ந்த திரவம். சதை கெடாமல் போட்டு வைக்கும் ஃபார்மலின் நெடி. கை இல்லை. கால் இல்லை. குப்பிக்குள் நூல் கனத்தில் வெளிறிய ஒரு சதைத் துணுக்கு. அதுதான் அவர்.

குப்பிக்கு வெளியே கட்டில் வளைந்து தெரிந்தது. அதில் அவருடைய உடம்பு வலப்பக்கமாகத் திரும்பிப் படுத்திருந்தது. கதவு திறந்து மனைவி ஓடி வந்தாள்.

"என்னங்க, முடிஞ்சுதா? ரொம்ப வலிச்சுதா?"

"ஒண்ணுமே தெரியல. கொஞ்ச நேரம் படுத்திருந்துட்டு வீட்டுக்குப் போயிடலாம்."

அது அவள் கையைப் பிடித்துத் தன் விலாவில் வைத்துக்கொண்டது. இத்தனை நாள் அழுதவள் முதல்முறையாகச் சிரித்தாள். அவர் கத்தினார். அவள் பெயரைச் சொல்லிக் கத்தினார்.

நர்ஸ் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "துணுக்கு நல்லா வந்திருக்கு மேடம்."

மனைவி நிமிர்ந்து பார்த்தாள். நேராக அவரைத்தான் பார்த்தாள். உடனே முகத்தைச் சுளித்துத் திருப்பிக்கொண்டாள்.

"ஐயோ, அத மூடிடுங்கம்மா. பாக்கவே ஒரு மாதிரி இருக்கு."

நர்ஸ் மூடியை வைத்துத் திருகினாள்.