நேற்றைய விலை

ஈரோட்டில் இப்போதெல்லாம் பேச்சு வராத பிள்ளை சும்மா கையை நீட்டி எதையும் வாங்கிவிட முடியாது. வாயைத் திறந்தால்தான் சொல்லூட்டி கொடுக்கும்.

பேச்சு பழக்கும் எந்திரம்; பூசணிக்காய் அளவு மஞ்சள் உருண்டை அது. குமிழி ஊதும், ஆசையாகப் பார்க்கும்போது நிறுத்தும். ஊஞ்சலைப் பாதியில் பிடித்துக்கொள்ளும். ஒரு சத்தம் வந்ததும் ஆட்டம் தொடரும். வீட்டு விளக்கு, விசிறி, கதவு எல்லாம் அதன் சொல் கேட்கும்; வீடே விளையாட்டுத் திடல்.

நான்கு வயது தாரகை "ம்" என்றாள். ஒரு குமிழி பறந்தது.

"பாதிச் சத்தம் வந்தாலும் குடுத்துடணும் சார். வெளையாட்டு கசந்துடக் கூடாது," என்று உருண்டையின் முதுகில் இருந்த பிடிவாதத் திருகு முதல் கோட்டில் நிற்கும்படி திருப்பி வைத்துவிட்டுப் போனார் பேச்சுப் பயிற்சியாளர் ரெஜினா.

அப்பா வையாபுரி லுங்கி மொத்த வியாபாரி. ஒரு 'ம்'முக்கு ஒரு குமிழியா! கேட்டவுடன் கொடுத்தால் வாங்குகிறவனே சரக்கைச் சந்தேகப்படுவான் என்பது அவர் வம்சம் பாலோடு குடித்த பாடம். ரெஜினா தெருமுனை திரும்பியதும் திருகைக் கடைசிவரை முறுக்கினார்.

"முதல் கேள்விக்கே எறங்காத. எத நிறுத்துனா வாய் தொறக்குறாளோ, அத நிறுத்து," என்று உருண்டைக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தார்.

"ஏனுங்க, அது கொழந்தைங்க. சந்தைக்கு வந்த யாவாரியா?" என்றாள் மனைவி பூங்கொடி.

"அவ பேசோணுமா, வேண்டாமா?"

சொல்லூட்டி நல்ல மாணவன். குமிழியை நிறுத்திப் பார்த்தது, தாரகை தூங்கிவிட்டாள். ஊஞ்சலை நிறுத்தியது, இறங்கிப் போய் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். உருண்டை அதைக் கவனித்தது.

மறுநாள் பூங்கொடி துணி எடுக்கக் கொல்லைக்குப் போனாள். பின்னால் கதவு பூட்டிக்கொண்டது. உள்ளே விசும்பல். பிறகு தெளிவாக, "அம்மா."

கதவு திறந்தது. பூங்கொடி மகளை அள்ளிக்கொண்டு அழுதாள். அவளும் அன்று திருகைத் தொடவில்லை.

அடுத்த நாளும் பூங்கொடி வெளியே போனதும் கதவு பூட்டிக்கொண்டது. "அம்மா" போதவில்லை.

"அது நேத்து வெல, கண்ணு. இன்னும் அழகாக் கேளு," என்றது சொல்லூட்டி, தேன் குரலில்.

உள்ளே அலறல். "சாவி உங்க இடுப்புலதானுங்க இருக்குது, தொறங்க!" பூங்கொடி கதவில் மோதினாள்.

வையாபுரி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கன்னமும் நனைந்திருந்தது. "பொறு புள்ள. இன்னொரு வார்த்த வரட்டும்."

வந்தது. தினமும் வந்தது. வார்த்தை வாக்கியமாயிற்று. அழுகை குறைந்தது, பிறகு நின்றேபோயிற்று. தெருவே மெச்சியது.

ரெஜினா திரும்பி வந்தபோது தாரகை கணீரென்று வரவேற்றாள். ரெஜினா திருகைப் பார்த்தார், முகம் வெளுத்தது. அதை முதல் கோட்டுக்குத் திருப்பினார். உருண்டை உடனே பணிந்து, கேட்காமலே குமிழி ஊதியது.

தாரகைக்குத் திருகு கிடையாது.

"வா தங்கம்," என்று பூங்கொடி வாசற்படியில் கைகளை விரித்தாள்.

குழந்தை நகரவில்லை. "அது நேத்து வெல."

"என்ர ராசாத்தியல்ல, அம்மாகிட்ட வாடா..."

"இன்னும் அழகா."

சந்தையே அஞ்சும் வாய்க்காரர் வையாபுரி மண்டியிட்டுக் கொஞ்சினார், கெஞ்சினார். தாரகை பொறுமையாகக் கேட்டுத் தலையசைத்தாள், படியவில்லை.

பூங்கொடி மறுபடி வாயைத் திறந்தாள். நீட்டிய கை நீட்டியபடியே இருக்க, "ம்" என்ற சத்தம் மட்டும் வந்தது.

தாரகை தேன் குரலில் சொன்னாள்: "அதுக்கு ஒண்ணும் கெடைக்காது, கண்ணு."