டிரான்ஸ்பார்மரில் ஈரம்

இரவு துடைத்து வைத்த டிரான்ஸ்பார்மர் காலையில் மறுபடி ஈரமாக இருந்தது.

ஷாரோன் நிமிர்ந்து கூரை ஓட்டைப் பார்த்தாள். ஒழுக்கு இல்லை. மேசையில் பக்கத்திலேயே கிடந்த வால்வு டப்பாக்கள்கூட உலர்ந்துதான் இருந்தன. அந்தக் கறுப்பு இரும்புக் கட்டி மட்டும், வெயிலில் மூட்டை சுமந்து வந்தவனின் பிடரியைப் போல வியர்த்திருந்தது. பழைய துணியால் ஒற்றி எடுத்தாள். தண்ணீர் இல்லை, விரல்களை விரித்தபோது நடுவில் நூலாக இழுபட்டது. முகர்ந்தாள். நாள்பட்ட புண்ணிலிருந்து பிரித்த கட்டுத்துணியின் வாடை.

ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் ஆறு வருஷமாக லென்ஸுக்கு அடியில் கடுகளவு பாகங்களுக்குச் சால்டர் வைக்கிறாள். அவை எந்தப் பெட்டிக்குள் போய்ச் சேருகின்றன என்றுகூட அவளுக்குத் தெரியாது. ஒன்றையாவது முழுசாகத் தன் கையால் செய்துவிட வேண்டும் என்றுதான் இந்தக் கிட்டார் ஆம்ப்ளிஃபையரை ஆரம்பித்தாள். பழைய ரேடியோவில் இருப்பதுபோல் நான்கு பெரிய கண்ணாடி வால்வு, நூறு வாட்ஸ். அவள் கணவன் வசந்த்குமார் உத்திரமேரூரைச் சுற்றியுள்ள கிறிஸ்தவ சபைகளில் கிட்டார் வாசிப்பவன். ஞாயிற்றுக்கிழமை திறந்தவெளிக் கூட்டத்தில் இதில்தான் வாசிக்கப்போகிறேன் என்று பார்த்தவரிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தான். வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் போடவேண்டிய இந்தப் பெரிய டிரான்ஸ்பார்மர் மட்டும் புதிதாக எங்கும் கிடைக்கவில்லை. காஞ்சிபுரத்தில் ஒரு காயலான் கடையிலிருந்து அவன்தான் தூக்கிக்கொண்டு வந்தான்.

"இன்னாங்க, இத கொஞ்சம் மோந்து பாருங்க."

வசந்த் குனிந்தான். "மெழுகு ஷாரோன். பழைய டிரான்ஸ்பார்மர்ல உள்ள மெழுகு ஊத்தி வெச்சிருப்பாங்க. அதான் உருகிக்கினு கீது."

"இன்னும் கரண்டே குடுக்கலியே. இன்னாத்துக்கு உருகுது?"

"சும்மா பேஜார் பண்ணாத. சண்டே வந்துட்ச்சி."

சொல்லிவிட்டும் அவன் மூக்கை உடனே எடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை இழுத்தான்.

அன்றைக்கே அதைத் தூக்கி எறிந்திருக்க வேண்டும். அவளுக்கே தெரிந்தது. ஆனால் மீட்டரை வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு கம்பிச் சுற்றும் சொல்லி வைத்ததுபோல் சரியாக இருந்தது. ஸ்க்ரூவை இறுக்கி உட்கார வைத்தாள். ஒயர்களைச் சால்டர் வைத்தாள்.

வாடை கையோடு வந்தது. சோப்புப் போட்டாலும், எலுமிச்சம்பழத் தோலைத் தேய்த்தாலும் போகவில்லை. சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோகும்போது சோற்றின் மணத்துக்கு முன்னால் அது மூக்கில் ஏறியது. வெள்ளிக்கிழமை காலையில் டிரான்ஸ்பார்மரைச் சுற்றி எறும்பு மொய்த்திருந்தது. மாலையில் வேலை முடிந்து வந்து பார்த்தால் ஒன்றுகூட இல்லை. இரும்பின் இடுக்கில் கால்கள் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தன.

சனிக்கிழமை மத்தியானம். மழை. வசந்த் பாட்டு ரிகர்சலுக்குப் போயிருந்தான். அவள், ஷார்ட் இருந்தால் காட்டிக்கொடுக்கும் சீரீஸ் பல்பு வழியாக முதல்முறையாகக் கரண்ட் கொடுத்தாள். பல்பு பளிச்சென்று எரிந்து மங்கியது. எங்கும் ஷார்ட் இல்லை. நான்கு வால்வுகளும் உள்ளே ஆரஞ்சு நிறத்தில் மெல்லக் கனிந்தன. ஸ்பீக்கரில் உறுமலே இல்லை. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தான் செய்தது, முழுசாக, தன் கையால்.

அப்போது ஸ்பீக்கருக்குள் யாரோ உதட்டைப் பிரித்தார்கள்.

காய்ந்த உதடு இல்லை. எச்சில் ஊறிய உதடு. மேல் அண்ணத்திலிருந்து நாக்கு விடுபடும் சத்தம், பிறகு நிதானமாக, கொழகொழவென்று எதையோ மெல்லும் சத்தம். கிட்டார் ஒயர் எதுவும் சொருகவில்லை. வால்யூமை அடியோடு குறைத்தாள். சத்தம் குறையவில்லை. பிளக்கைப் பிடுங்கினாள். வால்வுகள் அணைந்தன. கெபாசிட்டர்களில் மிச்சமிருந்த கரண்டையும் இறக்கி மீட்டரை வைத்தாள்.

ஜீரோ.

விழுங்கும் சத்தம் கேட்டது.

டிரான்ஸ்பார்மர் மூடியின் நான்கு ஸ்க்ரூக்களையும் கழற்றினாள். மூடி வர மறுத்தது. நெம்பினாள். ஈரமாக, உறிஞ்சியபடி, விட்டது. வாடை முகத்தில் அறைந்தது.

செம்புக் கம்பிச் சுற்றுகளுக்கு நடுவில் காகிதம் இருக்க வேண்டும். காகிதம் இல்லை. வெளிறிய, மெல்லிய ஏதோ ஒன்று. அடுக்கடுக்காக. நனைந்து. அதில் பொடிப்பொடியாகத் துவாரங்கள். ஒவ்வொரு துவாரத்திலும் ஒரு மயிர்.

ஸ்க்ரூ டிரைவர் நுனியால் தொட்டாள்.

அது சிலிர்த்தது.

பின்பக்கம் ஓடித் துவைக்கிற கல்லருகே வாந்தி எடுத்தாள். வெறும் வயிறு. புளித்த நீர். அதிலும் அதே வாடை. மழையில் நனைந்தபடி வாயைக் கழுவினாள். சாக்கு வேண்டும். சாக்கில் கட்டி ஏரியில் போட வேண்டும். குளியலறைச் சுவரில் தொங்கிய யூரியா சாக்கை இழுத்தபோது முன்வாசலில் பைக் நின்றது.

"உள்ள போவாதீங்க!" என்று கத்தினாள்.

"கிட்டாரு நனையுது ஷாரோன்!" வசந்தின் குரல். கதவு திறக்கும் சத்தம். அப்புறம் சத்தம் இல்லை.

"வசந்த்?"

ஓட்டில் மழை. வேறு ஒன்றும் இல்லை.

சாக்கோடு வாசற்படியில் ஏறினாள். கிட்டார் உறையோடு சுவரில் சாய்ந்து சொட்டிக்கொண்டிருந்தது. வசந்த் மேசைக்கு முன்னால், அவளுக்கு முதுகைக் காட்டி நின்றான். பிடுங்கிப் போட்ட பிளக் தரையிலேயே கிடந்தது.

"ஷாரோன்," என்றது அவன் குரல். "இங்க வாயேன். வெதுவெதுன்னு கீது."

குரல் ஸ்பீக்கரிலிருந்து வந்தது.

அவன் மெதுவாகத் திரும்பிப் பார்த்தான். உதடுகள் ஒட்டியிருந்தன. ஓரத்தில் எச்சில் நூலாக இறங்கியது. கண்களில் வலி இல்லை. வலது கை டிரான்ஸ்பார்மருக்குள் மணிக்கட்டு வரை போயிருந்தது. ரத்தம் இல்லை. வெளிறிய அந்தத் தோல் மேலேறி வந்து அவன் தோலோடு சேர்ந்திருந்தது. எது முடிந்து எது ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை.

"வாயேன்," என்றது ஸ்பீக்கர், மென்றபடி.

கைக்கடிகாரத்தின் பட்டை பாதி உள்ளே போயிருந்தது. மீதிப் பாதியை, ஒரு சுருக்கமும் இல்லாமல், அது மெல்ல மூடிக்கொண்டிருந்தது.