நான்காம் நிலையத்தின் மாற்றாள்

காலை பத்து மணிக்கெல்லாம் பெரியவர் சோதனைக்கூடத்துக்கு வந்துவிட்டார். வெளுத்த சட்டை, வளையாத முதுகு. சுரங்கப்பாதைத் தீயில் பதினொரு பேர் மூச்சுமுட்டிச் செத்த அன்று, நான்காம் நிலையத்தில் பணியிலிருந்த அவர் தம்பி ஓடிப்போனதாக அறிக்கை எழுதிவிட்டார்கள். உடலும் கிடைக்கவில்லை. அந்த ஒரு சொல் அழியாமல் பெரியவரின் கட்டை வேகாது.

அறையில் ஆறு கணினிகள், புகையை வெளியேற்றும் ஆறு விசிறி நிலையங்களாக நடித்துக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் 'இருக்கிறேன்' என்பதற்கு அடையாளமாக நொடிக்கொரு தடவை தன் எண்ணை மற்றவற்றுக்கு அனுப்பும். மூன்று நொடி மௌனமானால் அது செத்ததாகக் கொண்டு, அண்டை நிலையங்கள் அதன் விசிறிகளை ஏற்றுச் சுழற்றும். அன்று ஏன் சுழற்றவில்லை?

"நாலைக் கொன்னுடட்டுமா, ஐயா?" என்றாள் சோதனை நடத்தும் பொறியாளர்.

"தாராளமா கொல்லும்மா. எங்க குடும்பத்துல முதுகு காட்டினவன் கிடையாது. மெஷின்தான் காட்டியிருக்கும்."

சிரித்தபடி ஒயரைப் பிடுங்கினாள். நான்காம் திரை இருண்டது.

ஒன்று. இரண்டு. மூன்று.

மற்ற ஐந்து திரைகளிலும் நான்கின் செய்தி வந்தது.

விசிறிகள் அசையவில்லை. திரையில் புகையளவு ஏறிக்கொண்டே போனது. அறைக்குள் கருகிய ரப்பர் வாடை.

"ஐயா... ஒயர் என் கையில இருக்கு."

எண்ணுக்குப் பக்கத்தில், யாரும் எழுதிவைக்காத இரண்டு சொற்கள்.

மாற்றாள் வரவில்லை.

அவள் கணினியையே தூக்கி வெளியே வைத்தாள். செய்தி நிற்கவில்லை.

"உங்க தம்பி இருக்கேன்னு சொல்ற வரைக்கும் மத்தது எதுவும் உதவிக்கு வராது, ஐயா."

அடுத்த முறைக்கான மாற்றாள் வந்து தோளைத் தொடாமல் எழுந்தாயானால் என் முகத்தில் விழிக்காதே என்று தம்பியை வேலைக்கு அனுப்பியவர் பெரியவர்தான்.

தம்பி ஓடவில்லை.

ஓடியிருந்தால் பதினொரு பேரும் பிழைத்திருப்பார்கள்.

வெறும் மேசையின் முன் காலி நாற்காலி. ஒருவன் உட்கார்ந்திருந்தால் தோள் இருக்கும் உயரத்தில் கையை வைத்தார். சுட்டது.

"அண்ணன் வந்துட்டேன்டா. நீ எழுந்திரு."

நாற்காலியில் உட்கார்ந்தார்.

செய்தி நின்றது. மூன்றாம் நொடியில் விசிறிகள் சுழன்றன. புகையளவு சரசரவென்று இறங்கியது.

"வேலை செய்யுது! ஓடலைன்னே எழுதிடறேன், ஐயா. வாங்க, முதல்ல வெளிய போயிடலாம்."

எழுந்திருக்கப் பார்த்தார். முழங்கால்கள் நிமிரவில்லை.

"ஐயா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தார்.

குரல் வரவில்லை. புகை வந்தது.