சனிக்கிழமைச் செருப்பு

செருப்பு சூடாக இருந்தது.

திங்கட்கிழமை காலை, பெஞ்சுக்கு அடியில் கிடந்த அந்த ஜோடியை வெளியே இழுத்தபோதுதான் மீன் குளிர்கிடங்கு ஆபரேட்டருக்கு அது உறைத்தது. இப்போதுதான் யாரோ காலை உருவிக்கொண்ட மாதிரி இளஞ்சூடு. அறுந்த வாரில் ஊக்கு குத்தியிருந்தது. அங்கேயே வேலை பார்க்கும் தங்கை வீட்டுக்காரனுடையது.

ஐயோ, என்ன காரியம் செய்துவிட்டார்! அந்தக் கிடங்கில் ஒரே ஒரு சட்டம்தான்: உள்ளே போகிறவன் கதவருகே செருப்பை விட்டுவிட்டு பூட்ஸ் மாட்டிக்கொள்வான்; செருப்பு கிடந்தால் பூட்டக் கூடாது. சனிக்கிழமை மத்தியானம், வீட்டுக்கு ஓடுகிற அவசரத்தில், "எவன்டா வழியில போட்டது" என்று அதை எத்தித் தள்ளிவிட்டுப் பூட்டியவர் அவர்தான். உள்பக்கக் கைப்பிடி உடைந்து ஒரு மாதமாக, நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டவரும் அவரேதான். நேற்று தங்கை போனில், "அண்ணே, அவரு இன்னும் வரலண்ணே" என்று அழுதபோது, "எங்கயாச்சும் ஊர் சுத்திட்டு வருவான், விடும்மா" என்று சிரித்தார் பாவி மனுஷன்.

ஆனால் செருப்பு சூடாக இருக்கிறதே. உயிரோடு இருக்கிறானா? கதவுக்கு மேலே, கிடங்கின் உள்சூட்டைக் காட்டும் மீட்டரை நிமிர்ந்து பார்த்தார். மைனஸ் பதினெட்டில் நிற்க வேண்டிய முள் பூஜ்யத்தைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. மோட்டார் நின்றிருக்குமோ? இல்லை, ஓடுகிற சத்தம் கேட்டது. உள்ளே இருக்கிற சூட்டை வெளியே தள்ளும் குழாய், தொட்டால் தோல் உரியும் அந்தக் குழாய், வெள்ளை வெளேரென்று பனி பூத்துக் கிடந்தது. வெளியே தள்ளிய சூடு தானாகத் திரும்பி உள்ளே போகாது. இருபது வருஷ சர்வீஸில் ஒரு தடவைகூடப் போனதில்லை.

டொக்.

டொக், டொக்.

"மாப்ளே!"

பூட்டைத் திறந்து இரும்புப் பிடியை இரண்டு கையாலும் பற்றி இழுத்தார். கதவு அசையவில்லை.

"மச்சான்..." உள்ளிருந்து அவன் குரல். "கைய எடுக்காதீங்க மச்சான். இதமா இருக்கு."

எடுக்கப் பார்த்தார். வரவில்லை. உள்ளங்கை இரும்போடு ஒட்டியிருந்தது. முதுகில் காலை வெயில் விழுந்தது, சூடே தெரியவில்லை. முழங்கால் மரத்தது. முள் இருபதில். இருபத்தைந்தில்.

"எவ்ளோ சூடுடா வேணும்?"

"கொஞ்சம்தான் மச்சான். சனிக்கிழமை மத்தியானம் என் உடம்புல இருந்த அளவுக்கு, முப்பத்தேழு."

முப்பத்திரண்டு. முள் நின்றுவிட்டது. அவரிடம் அவ்வளவுதான் இருந்தது.

"பத்தல மச்சான்."

பின்னால் காலடிச் சத்தம். தங்கை. இடுப்பில் குழந்தை.

"அண்ணே! அது அவரு குரல்தானே?"

போ. போய்விடு. நாக்கு புரளவில்லை. தாடை இறுகிவிட்டது. கண் மட்டும் அசைந்தது. அவள் அவரைப் பார்க்கவேயில்லை. ஓடிவந்து கதவில் உள்ளங்கையைப் பதித்தாள்.

"என்னங்க, நான் வந்துட்டேங்க!"

முப்பத்து நான்கு.

"பாப்பாவும் வந்திருக்காளா?" அந்தக் குரலில்தான் எத்தனை பாசம்!

தங்கை அழுதுகொண்டே சிரித்தாள். குழந்தையின் மூடிய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

"அப்பாவத் தொடு கண்ணு."

பிஞ்சு உள்ளங்கை இரும்பில் ஒட்டியது. முள் மறுபடியும் ஏறத் தொடங்கியது.