ஆலை விடும் நேரம்

எல்லோரும் ஆலையை விட்டு வெளியே வந்துகொண்டிருந்தார்கள். ஒருவன் மட்டும் முதுகைக் காட்டி நின்றான்.

கற்பகவல்லி பூதக்கண்ணாடியை இன்னும் கீழே இறக்கினாள். இரண்டு விரல் அகலப் பிலிமில் தலைப்பாகைக்காரர்கள், கூடை இடுக்கிய பெண்கள், மூக்கு ஒழுகும் பிள்ளைகள் எல்லோரும் கேமராவைப் பார்த்துத் திகைத்தபடி வாசலைத் தாண்டுகிறார்கள். அவர்களுக்குப் பின்னால், இரும்புக் கேட்டின் இருட்டுக்குள், கட்டம் போட்ட சட்டை மாட்டிய ஒரு முதுகு. நூறு வருடத்துக்கு முந்தைய அந்தக் கூட்டத்தில் வேறு யாரும் அப்படிச் சட்டை போட்டிருக்கவில்லை. நேற்றுப் பார்த்தபோது அந்த இடம் காலியாக இருந்ததாகத்தான் அவளுக்கு ஞாபகம்.

பிலிம் நல்லசிவம் அண்ணாச்சியுடையது. சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கிறவர். அவருடைய கம்பெனிக்குத்தான் அவள் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் பழைய படங்களைச் சுத்தம் செய்து கொடுக்கிறாள். போன வாரம் ஒரு மரப்பெட்டியோடு வந்து இறங்கினார்.

"விருதுநகர்ல எங்க தாத்தாவோட பஞ்சாலை இது. பேசாப் படம் ஓடுன காலம். டென்ட்டு போட்டுப் படம் காட்ட வாறவன், ஆலை விடுற நேரத்துக்கு வாசல்ல மிஷினை வச்சு, சனம் வெளிய வாறதைப் புடிச்சிட்டுப் போவான். அப்புறம் அதையே டென்ட்டுல ஓட்டுவான். தன் மூஞ்சியத் தானே பாக்க ஊரே அடிச்சுப் புடிச்சு வரும். இதுல நல்லதா ஒரு படம் எடுத்துக் குடும்மா, காலண்டர்ல போடுவோம்."

பெட்டிக்குள் கையால் சுற்றி ஓட்டும் மிஷினும் இருந்தது. கம்பெனி விழாவில் படம் காட்ட ஆசைப்பட்டு அதற்கு ஒரு ஹாலஜன் பல்பு மாட்டி வைத்திருந்தார். பிறகு விவரம் தெரிந்தவர் யாரோ சொன்னதைக் கேட்டுப் பயந்துபோனார்.

"மிஷின்ல மாட்டி மட்டும் ஓட்டிராத. பஞ்சுல ஆசிட்டை விட்டுச் செஞ்ச பிலிமு, நம்ம வெடி மருந்துக்கு அண்ணன் தம்பி. சுத்திக்கிட்டே இருக்க வரைக்கும் ஒண்ணும் செய்யாது. நிறுத்துனா பல்பு சூட்டுல அங்கனயே பத்திக்கிடும். வெளிச்சத்தை மறைக்கத் தகரம் ஒண்ணு இருந்திருக்கு, அதுவும் துருப்புடிச்சு விழுந்துட்டு."

"பயப்படாதீக அண்ணாச்சி, கண்ணாடி வச்சுத்தான் பாப்பேன்" என்றாள். சொன்னபோது அது பொய்யில்லை.

நெருப்பென்றால் வாய் வெந்துவிடாது என்பார்கள். இந்தப் பக்கம் வந்து சொல்லிப் பார்க்கட்டும். அவள் புருஷன் செல்லப்பாண்டி தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் போர்மேன். தீபாவளி சீசனில் ஒருநாள் ஆலை விடும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் அவன் இருந்த அறை வெடித்தது. ஆஸ்பத்திரியில் வெள்ளைத் துணி மூட்டையாகக் கட்டித் தந்தார்கள். முகத்தை ஒரு தடவை காட்டச் சொல்லிக் காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். வேண்டாம்மா, பார்க்காதே என்று எல்லோருமே சொன்னார்கள். அவளுக்காகத்தான் சொன்னார்கள். ஆனால் அன்றிலிருந்து அவள் மனசு அவனைப் புதைக்கவே இல்லை. சாயங்காலம் தெருவில் பட்டாசு ஆலை வேன் நிற்கும் சத்தம் கேட்டால் இன்னும் அவள் காது வாசலுக்குப் போய்விடும். இறங்குகிறவர்களின் பேச்சு ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் போய் அடங்கும். இவள் வீட்டுக்குள் மட்டும் எதுவும் வராது.

இப்போது கண்ணாடிக்கு அடியில் அந்தச் சட்டைக் காலர் தெரிந்தது. செல்லப்பாண்டியின் சட்டையில் நைந்துபோன காலரைப் பிரித்து உள்புறம் வெளியே வருமாறு திருப்பித் தைத்தது அவள். தையல் இடப்பக்கம் சற்றுக் கோணிப்போயிருந்தது. அவளுடைய தையல் அப்படித்தான் போகும்.

ஜன்னல்களைச் சாத்தினாள். கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டாள். பிளக் இருந்த சுவரில் அவனுடைய வெள்ளை வேட்டியை ஆணியில் மாட்டி இழுத்துக் கட்டி, அங்கிருந்து ஒயரை இழுத்து, அறையின் இந்தக் கோடியில் மேஜை மேல் மிஷினை வைத்துச் சுருளை மாட்டினாள். சுவிட்சைப் போட்டு ஓடிவந்து கைப்பிடியைச் சுற்றத் தொடங்கினாள்.

மிஷின் கடகடவென்று தையல் மிஷினைப் போலப் பேசியது. எண்ணெய் வற்றிய பல்சக்கரங்களின் வாடையும், பல்பின் மேல் கருகும் தூசியின் வாடையும், பிலிமிலிருந்து கிளம்பிய பழம்புளி போன்றதொரு புளித்த நெடியும் அடைத்த அறைக்குள் ஒன்றாகக் கலந்து தொண்டையில் இறங்க, வேட்டியின் மேல் அந்தச் சனங்கள் மெல்ல அசைந்து, வெட்டி வெட்டி நடந்து, சிரித்து, ஒருவரையொருவர் முழங்கையால் இடித்து, சத்தமே இல்லாமல் பேசியபடி இரண்டு ஓரங்களிலும் மறைந்தார்கள். அத்தனை வாய்கள் அசைந்தன. கேட்டது மிஷின் சத்தம் மட்டும்தான்.

வாசல் காலியானது. சுருள் அந்த இடத்தில் முடிய வேண்டும். முடியவில்லை. பிலிம் மேலிருந்து வந்துகொண்டே இருந்தது, கீழே வைத்த கூடை நிரம்பித் தரையில் சரசரவென்று வழிந்தது.

அப்போது அவன் கேட்டுக்குள்ளிருந்து வந்தான். முதுகைக் காட்டியபடியே பின்னோக்கி நடந்து வந்தான். இடது தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது. போர்மேன் ஆவதற்கு முன்னால் லோடு தூக்கித் தூக்கி இறங்கிய தோள். அதன் மேல் தலை வைத்துத் தூங்கியவளுக்கு அது தெரியாதா?

"ஏங்க" என்றாள். "இங்கன திரும்புங்க."

அவன் நின்றான். அவள் குரல் எட்டியதைப் போலத் தலை லேசாகச் சாய்ந்தது. பிறகு மறுபடி பின்னோக்கி ஓரடி எடுத்து வைத்தான். ஆசையாகத்தானே கூப்பிட்டாள், இந்த உடம்பு எதற்கு இப்படிப் பின்னால் ஒதுங்குகிறது? அவன் தலைக்குப் பின்புறம் முடி இல்லை. அங்கே இருந்தது என்ன என்று உற்றுப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

நிறுத்திவிடலாம். நிறுத்தினால் எரியும். அவன் உள்ளே இருக்கிறான். ஒரு தடவை எரிந்தவனை இன்னொரு தடவை, அதுவும் தன் கையால்? சுவிட்ச் எதிர்ச்சுவரில். கையை எடுக்காமல் அங்கே போக முடியாது. தினமும் இந்த நேரத்துக்குப் போகும் கரண்ட் இன்று போகவில்லை. தோள்பட்டை கடுத்தது. சுற்றினாள்.

கதவு தட்டப்பட்டது.

"ஏ கற்பகம்! உள்ள இருக்கியா?" பக்கத்து வீட்டு வெள்ளைத்தாய் அக்கா. "கருகுன வாடை எங்க வீடு வரைக்கும் அடிக்கு. ஒயரு கிய்ரு பத்திக்கிச்சா? இந்தா, மெயினு வெளியதான இருக்கு, அமத்திவிடட்டா?"

அமத்துங்கக்கா. ஒரே வார்த்தை. பல்பு அணையும், பிலிம் எரியாது, படம் நின்றுவிடும், கதவைத் திறந்து வெளிச்சத்துக்கு ஓடிவிடலாம். வார்த்தை நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. வேட்டியில் அவன் மெல்லக் கழுத்தைத் திருப்பினான். ஒரு காதின் விளிம்பு தெரிந்தது.

இன்னும் கொஞ்சம்தான்.

"வேண்டாம்க்கா!" என்று கத்தினாள். "ஒண்ணுமில்ல. வேலையா இருக்கேன். நீங்க போங்க!"

"என்னமோ போ. சாப்பிடவாவது செஞ்சியா?" என்ற முனகலோடு செருப்புச் சத்தம் நகர்ந்தது. பக்கத்து வீட்டுக் கதவைச் சாத்திய சத்தமும் கேட்டது.

காது தெரிந்ததோடு சரி, அதற்கு மேல் அவன் திரும்பவில்லை. மறுபடி பின்னோக்கியே வந்தான். சட்டைக் கட்டங்கள் பெரிதாகின. வேட்டி முழுக்க முதுகு. பிறகு முதுகும் இல்லை. வெறும் கறுப்பு. அறையே இருண்டது. அவள் சுற்றிக்கொண்டே இருந்தாள். கண்ணீர் மோவாயிலிருந்து சொட்டியது, துடைக்கக் கை இல்லை.

வெளிச்சம் திரும்பியது. வாசல் தெரிந்தது. அவன் இல்லை.

ஓரங்களில் மறைந்திருந்த சனங்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். ஆலை வாசலில் கூடி நின்றார்கள். டென்ட்டில் படம் பார்க்க வந்தவர்களைப் போல இந்தப் பக்கம் பார்த்தார்கள். அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குச் சற்று மேலே, அவள் தோளுக்குப் பின்னால் பார்த்தார்கள்.

முதலில் முன்வரிசைப் பிள்ளைகளின் சிரிப்பு நின்றது. கூடைக்காரி ஒருத்தி தன் பிள்ளையின் கண்களைப் பொத்தினாள். தலைப்பாகைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். வாய்கள் திறந்தன. எல்லா வாய்களும். சத்தமே இல்லை.

ஓடினார்கள். விழுந்து எழுந்து, ஒருவரை ஒருவர் மிதித்து, ஆலைக்குள்ளேயே திரும்ப ஓடினார்கள். கேட் மூடிக்கொண்டது.

வெடி மருந்து வாடை. மிக அருகில். பிடரியில் சூடு.

அவள் திரும்பவில்லை. திரும்பினால் கை நிற்கும். கை நின்றால் எரியும். அது ஒன்றுதான் இப்போது அவளைக் காத்து நின்றது. சுற்றினாள். சுற்றினாள்.

அவள் விரல்களை ஏதோ தொட்டது. கரடுமுரடாக, பொருக்குத் தட்டிப்போய், ஆனாலும் பதமாக. ஒவ்வொரு விரலாகப் பிரித்து, வலிக்குமோ என்று பயந்த மாதிரி, கைப்பிடியிலிருந்து அவள் கையை எடுத்துவிட்டது.

கைப்பிடி நிற்கவில்லை. அதே வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. பிலிம் எரியவில்லை.

இனி அவள் திரும்பிப் பார்க்கலாம்.