ஒரே நாற்காலியில் நாற்பத்தொரு பேர்

காலை ஒத்திகையில் தங்கையாவின் குரலுரு பேசியதைக் கேட்டதும் பியூலாவின் விரல் திரையின் மேல் அப்படியே நின்றது.

“கண் எரிகிறது, எரியவில்லை. அமோனியா வாடை வருகிறது, வருவதில்லை. பொதுவாகப் பரவாயில்லை” என்று அது நிதானமாகச் சொல்லி முடித்தது. கீழே அவையம் ஒரு குறிப்பும் போட்டது: பேச்சில் முரண் அதிகம், நம்பகம் குறைவு.

தூத்துக்குடியின் அலைமணி கடலுணவு ஆலையில் நேரில் உட்கார்ந்து முடிவெடுக்கும் வழக்கம் ஒழிந்து பல காலம் ஆயிற்று. அவையம் என்ற கூட்டப்பொறிதான் எல்லாம். ஒரு பயனர் கணக்குக்கு அங்கே ஒரு நாற்காலி, நாற்காலிக்கு ஒரு குரலுரு. அந்தக் கணக்கில் என்றைக்கு என்ன பேசியிருந்தாலும் அத்தனையையும் சேர்த்து, சாரம் பிழிந்து, அது பேசும். ஆள் மறந்ததை அது மறக்காது. ஆள் கத்தினாலும் அது கத்தாது.

இன்று புதிய அவையத்துக்கு மாறும் நாள். ஆலையின் பணியாளர் பட்டியலில் உள்ள எல்லாக் கணக்குகளையும், பழைய பேச்சுகளோடு, மூன்று மணிக்குள் ஏற்றிவிட வேண்டும். அது அவையத்தின் நிர்வாகியான பியூலாவின் வேலை. மூன்று மணிக்கு முதல் கூட்டம். இறால் உரிக்கும் கூடத்தின் மேலே ஓடும், குளிரூட்டும் அமோனியாக் குழாயை உடனே மூடி மாற்றுவதா, இன்னும் ஒரு வருடம் ஓட்டுவதா என்பதுதான் பேச்சு.

தங்கையா அந்தக் கூடத்துக்கு ஆள் அனுப்பும் ஒப்பந்தக்காரர். அவர் கூடத்தை எட்டிப் பார்த்து இரண்டு வருடமாகிறது. ஒப்பந்தத்துக்கு ஒரே கணக்கு என்பது ஆலையின் வழக்கம். கடவுச்சொல் சோற்று டப்பா அலமாரியின் உட்பக்கம் சாக்பீஸால் எழுதியிருக்கும். புகாரோ விடுப்போ, நாற்பத்தொரு பெண்களும் அதில்தான் சொல்வார்கள். குழாய்க்குக் கீழே நிற்பவள் எரிகிறது என்பாள், கதவருகே நிற்பவள் எனக்கு ஒன்றுமில்லை என்பாள். அவையத்துக்கு இருவருமே தங்கையா.

“பட்டியல்ல இருக்கிறதை ஏத்துங்க மேடம். அதைத் திருத்துறது நம்ம வேலையில்ல” என்றார் மேலாளர் கோமதிநாயகம்.

“அந்த ஒரு நாற்காலில நாப்பத்தொரு பேர் உக்காந்திருக்காங்க சார்.”

“இத்தனை வருஷமா உக்காந்துதானே இருக்காங்க?”

பியூலா கைத்திரையை எடுத்துக்கொண்டு கீழே கூடத்துக்கு இறங்கினாள்.

“என்ன மேடம், கீழ வந்திருக்கீய? மேல ஏசி ரிப்பேரா?” என்றாள் ஜெசிந்தா. குழாய்க்கு நேர் கீழே நிற்பவள். அவள் இடது கண் ஒரு வாரமாகச் சிவந்து வீங்கியிருந்தது.

“எல்லார் பேரும் தனித்தனியா வேணும் ஜெசிந்தாக்கா.”

“எதுக்கு? நாங்கதான் தங்கையாவாச்சே. மீசைதான் இன்னும் முளைக்கல.”

கூடமே சிரித்தது. பியூலா காலை ஒத்திகையைப் போட்டுக் காட்டினாள். ‘பொதுவாகப் பரவாயில்லை’ என்ற இடத்தில் சிரிப்பு நின்றுபோயிற்று.

ஜெசிந்தா, ரெஜினாள், பாத்திமுத்து, சண்முகக்கனி... ஒவ்வொருத்தியும் தன் பெயர் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று எட்டிப் பார்த்த பிறகே நகர்ந்தாள். நாற்பத்தொன்றும் முடிந்தபோது மணி இரண்டு. ஆளுக்கொரு கணக்கு கேட்டு, தன் நிர்வாகிக் கணக்கில் “அனுமதிக்கிறேன்” என்றாள் பியூலா.

“நிர்வாகியே, இதே கோரிக்கையை நீங்கள் நான்கு முறை மறுத்திருக்கிறீர்கள். இப்போது ஒருமுறை ஏற்றிருக்கிறீர்கள். உங்கள் கருத்து: மறுப்பு” என்றது அவையம்.

அவள் ஒருமுறைகூட மறுத்ததில்லை. அவளுக்கு முன்னால் அந்த வேலையில் நான்கு பேர் இருந்தார்கள். அதிகாரிகளை அந்த ஆலை பதவிப் பெயரில்தான் பதிந்திருந்தது. ஆள் மாறினால் பட்டியலை மாற்ற வேண்டாமே என்ற வசதி.

எட்டு வருடமாகக் கூட்டங்களில் தன் குரல் மழுங்கி ஒலித்ததை அவள் கேட்டிருக்கிறாள். நெஞ்சு கொதிக்கச் சொன்னதெல்லாம் அங்கே ‘பரிசீலிக்கலாம்’ என்று வந்து விழும். நமக்கு அழுத்திப் பேச வராது என்று நம்பி, வீட்டிலும் தணிந்தே பேசப் பழகிவிட்டாள். முகம் தெரியாத நான்கு பேரின் தயக்கத்தைத் தன் குணமென்று சுமந்திருக்கிறாள். ஆத்திரமாக வந்தது. அழுகை வராதது அவளுக்கே வியப்பாக இருந்தது.

ஒரு குரலை ஒரு விஷயத்தில் ஒருமுறைதான் அவையம் எண்ணும். குரல்கள் வேறுவேறு என்று அதற்குத் தெரியும். ஆள் வேறு என்று பட்டியல் சொல்லாதவரை அதற்குக் கவலையில்லை. பியூலா தன் கணக்கைத் திறந்து வைத்துக் கைத்திரையை நீட்டினாள்.

“அக்கா, வரிசையா வாங்க. இன்னைக்கு எல்லாரும் நிர்வாகி.”

“காலைல தங்கையா, மத்தியானம் நிர்வாகியா? சம்பளத்தையும் அப்பிடியே மாத்துவாவளா?” என்று கேட்டுக்கொண்டே ரெஜினாள் கையுறையைக் கழற்றினாள்.

நான்காவது பெண் பேசியதுமே மறுப்பு ஏற்பாக மாறிவிட்டது. ஆனால் வரிசை கலையவில்லை. நாற்பத்தொரு பேரும் சொல்லிவிட்டுத்தான் போனார்கள். கடைசியாகப் பியூலா தன் பெயரையும் நாற்பத்திரண்டாவதாக ஏற்றினாள்.

மூன்று மணிக்குத் தங்கையாவின் நாற்காலி காலி. இருபத்துமூன்று பேர் எரிகிறது என்றார்கள், பதினெட்டுப் பேர் இல்லை என்றார்கள். நின்ற இடத்தையும் சேர்த்துச் சொன்னதால் கசிவு எங்கே என்பது படம் போட்டதுபோல் தெரிந்தது. கடைசிச் சொல் நிர்வாக இயக்குநருடையது.

“சமாளிக்கலாம். அடுத்த வருடம் பார்க்கலாம்” என்றது அவருடைய குரலுரு.

உடனே கூடத்திலேயே நின்றிருந்த பியூலாவின் தொலைபேசி அடித்தது. இயக்குநரேதான். “மேடம், நான் மூடணும்னுதான் சொன்னேன்! மூணு தடவை சொல்லிட்டேன். இது எங்கப்பா மாதிரியே பேசுது!”

“அவரும் அதே நாற்காலிலதானே சார் இருந்தாரு. உங்க பேர்ல தனிக் கணக்கு வந்தா நாற்காலி உங்களுக்கு வந்துரும்.”

“அப்போ போடுங்க!”

“நிர்வாகி அனுமதிக்கணும் சார்.”

“நீங்கதானே நிர்வாகி?”

“இப்ப நாங்க நாப்பத்திரண்டு பேரு” என்று சொல்லி, அவள் தொலைபேசியை ஜெசிந்தாவின் பக்கம் நீட்டினாள்.

“பேரச் சொல்லுங்க” என்றாள் ஜெசிந்தா.

“நிர்வாக இயக்குநர்.”

“அது நாற்காலி பேருல்லா? ஒங்க பேரு?”

“ஸ்டானிஸ்லாஸ்” என்றது மறுமுனையில் ஒரு சின்னக் குரல்.

அந்தப் பெயரில் வந்த குரலுரு ‘மூடுங்கள்’ என்றது. மூன்று நாற்பதுக்குக் குழாய் மூடப்பட்டது.

மறுநாள் காலை, தங்கள் பெயரில் தனிக் கணக்குக் கேட்டு, கூடத்தின் வாசலில் அதிகாரிகள் வரிசையாக நின்றார்கள். கோமதிநாயகம் பத்தாவது ஆள். அவர் முறை வந்தது. தன் பெயரைத் தானே எழுத்தெழுத்தாகச் சொன்னார். உள்ளே பெண்கள் ஆளுக்கொன்று பேசத் தொடங்கினார்கள். ரெஜினாள் நல்ல மனுசன் என்றாள். சண்முகக்கனி விடுப்பு தராத கதையை எடுத்தாள். பாத்திமுத்து முதலில் அவரை இறால் உரிக்கச் சொல்லு என்றாள். கைத்திரையில் நிர்வாகியின் கருத்து மெல்ல எழுந்தது:

பொதுவாகப் பரவாயில்லை. முரண் அதிகம். பரிசீலிக்கலாம்.

“என்னம்மா இது? நான் எவ்வளவு நேரம் இப்படியே...” என்றார் அவர்.

பியூலா ஒரு பிளாஸ்டிக் முக்காலியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

“உக்காந்திருங்க சார்” என்றாள். அவள் குரல் கூடத்தின் கடைசி வரை கேட்டது.